நிறுவுவது பாதி, பராமரிப்பது மீதி

சித்திரை பிறந்து அக்கினி நட்சத்திரம் கழியும் வரையில், தமிழ்நாட்டில் வெயில் கொளுத்திய ஊர்கள் இன்னின்னவை என்று வானிலை ஆய்வு மையத்தார் வெளியிடும் பட்டியலில், வேலூருக்கும் மதுரைக்கும் பக்கத்தில் திருத்தணியின் பெயரும் பெரும்பாலும் இருக்கக் காணலாம். கோடையில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது அங்கே சர்வ சாதாரணம். 42, 43 என்று ஏறுவதும் அபூர்வமன்று. 365 படிகளை ஏறிச் சுப்பிரமணிய சுவாமியைத் தரிசிக்கும் அடியார்கள் அந்த வெயிலின் உக்கிரத்தைத் தங்கள் பாதங்களாலேயே அறிந்தவர்கள். இத்தனை வெயில் காயும் ஊரில், வீட்டு மாடிகளிலும் பள்ளிக் கட்டடங்களிலும் விசைத்தறிக் கூடங்களிலும் சோலார் பேனல்களை அமைத்து மின்சாரம் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் எழுவது இயற்கை. அது நல்ல எண்ணமும் ஆகும். ஆனால், வெயில் எவ்வளவுக்கெவ்வளவு கடுமையோ அவ்வளவுக்கவ்வளவு மின்சாரமும் மிகும் என்று ஜனங்கள் பொதுவாக நினைப்பது மட்டும் சரியன்று.

சோலார் தகட்டுக்கு வேண்டியது ஒளியே. உஷ்ணம் அதற்குப் பகை. தகட்டின் பின்புறத்தில் இத்தனை வாட் என்று அச்சிட்டிருக்கும் கணக்கு, அதன் உள்ளே இருக்கும் சிலிக்கன் 25 டிகிரியில் இருக்கும்போது சோதனைச் சாலையில் அளந்து சொன்னது. அதற்குமேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தியில் ஏறத்தாழ 0.35 முதல் 0.4 சதவீதம் வரை குறைகிறது. மே மாதத்து நண்பகலில் திருத்தணி மாடியொன்றில் தகட்டின் சூடு 65 டிகிரியைத் தொடுமாயின், அந்நேரத்து உற்பத்தியில் சுமார் ஏழில் ஒரு பங்கு உஷ்ணத்துக்கே பலியாகிவிடுகிறது. இது இயற்கையின் விதி. இதற்காக யாரையும் குறைசொல்வதற்கில்லை. ஆனால் அதே தகட்டின்மீது கருங்கல் ஜல்லி ஏற்றிச் செல்லும் லாரிகள் எழுப்பிய புழுதி படிந்து இன்னொரு பங்கு போனாலும், எங்கேயோ ஓர் இணைப்பு தளர்ந்து ஒரு வரிசை முழுவதுமே செயலற்றுப் போனாலும், வீட்டுக்காரருக்கு மீட்டரில் தெரிவது ஒன்றேதான்: இம்மாதம் யூனிட் குறைந்திருக்கிறது. தவிர்க்க முடியாத நஷ்டம் எது, நம்முடைய அசிரத்தையால் நேர்ந்த நஷ்டம் எது என்று பிரித்தறிய அவருக்கு வழியில்லை. சூரிய மின் நிலையங்களின் இயக்கத்திலும் பராமரிப்பிலும் செயற்கை நுண்ணறிவுக்கு முக்கியமான இடம் உண்டு என்று நான் கருதுவது, இந்தப் பிரித்தறியும் காரியத்தை முன்னிட்டே. அந்த அறிவு, ஆயிரக்கணக்கான ஏக்கரில் பரந்து கிடக்கும் பெரிய நிலையங்களோடு நின்றுவிடாமல், திருத்தணி போன்ற ஊர்களின் மாடிகளுக்கும் வந்து சேர வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நிறுவுவதில் நாம் சளைத்தவர்கள் அல்லர். 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இந்தியாவின் சூரிய மின் நிறுவுதிறன் ஒரு லட்சம் மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. ஒரு கோடி வீடுகளின் கூரைமீது தகடுகள் ஏற வேண்டும் என்ற நோக்கத்தோடு, 2024 பிப்ரவரியில் மத்திய அரசு பிரதமரின் சூரிய வீடு திட்டத்தைத் தொடங்கியது. தமிழ்நாடோ அதற்கு வெகு காலம் முன்னரே, 2012-இல், தனக்கென ஒரு சூரிய சக்திக் கொள்கையை வகுத்துக்கொண்ட மாநிலம். 2011-இல் தொடங்கிய பசுமை வீடுகள் திட்டத்தில், ஏழைகளுக்குக் கட்டிக்கொடுத்த 300 சதுர அடி வீடு ஒவ்வொன்றிலும் சூரிய விளக்குகளைப் பொருத்திக் கொடுத்த மாநிலம். இவையெல்லாம் பெருமைக்குரியவை. ஆயினும், தகடு 25 ஆண்டு உழைக்கும், பேட்டரியோ சில ஆண்டுகளில் ஓய்ந்துவிடும் என்ற பிரத்தியட்ச உண்மையை முன்கூட்டிக் கருதி, அதை மாற்றுவதற்கு ஆளும் பணமும் ஒதுக்கிவைக்காத இடங்களில், தகடு மட்டும் கூரைமீது அப்படியே இருக்க, கீழே பழையபடி இருள் சூழ்ந்ததையும், கிராமத்து முனைகளில் சூரியத் தெருவிளக்குகள் வெறும் கம்பங்களாக நிற்பதையும் கண்டவர்கள் நம்மில் பலர். நிறுவிய கணக்கு நம் அறிக்கைகளில் ஏறுகிறது. பராமரித்த கணக்கைக் கேட்பார் இல்லை.

இந்தக் குறை நம் முன்னோர்களுடைய குறையன்று. திருத்தணியும் அடங்கிய தொண்டை மண்டலத்தின் உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள், குடவோலையால் ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களைக் குறிப்பிடுகின்றன. அவற்றுள் ஏரி வாரியமும் ஒன்று. ஏரியை வெட்டியதோடு அவர்கள் நிற்கவில்லை; அதைக் காப்பதற்கென்றே பொறுப்புள்ள மனிதர்களை நியமித்து, காலக்கெடுவும் விதித்து, கணக்கும் கேட்டார்கள். தர்மத்தைச் செய்தவர்கள், பிற்காலத்தில் அதைக் காப்பாற்றப் போகிறவர்களின் பாதங்களைத் தங்கள் தலைமேல் தாங்குவதாகக் கல்லில் எழுதி வைப்பது இந்நாட்டு மரபு. செய்தலினும் காத்தல் பெரிது என்பதை இதைவிடப் பணிவாகவும் உறுதியாகவும் சொன்னவர்கள் வேறெவரும் உண்டோ என்று அறியேன்.

இனி, பெரிய நிலையங்களில் நிலைமை எப்படியென்று பார்ப்போம். இராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியில், அதானி குழுமத்தார் 2016 செப்டம்பரில் முடித்த சூரிய மின் நிலையம் 648 மெகாவாட் திறனுடையது. சுமார் 2,500 ஏக்கரில், ஏறத்தாழ 25 லட்சம் தகடுகளைக் கொண்டு அமைந்தது. அக்காலத்தில் உலகத்திலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்றாகப் பேசப்பட்டது. ஒரு தகட்டை ஒரு நிமிஷம் நின்று பார்ப்பதென்று ஒரு மனிதர் தொடங்கினால், நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் ஓய்வு நாளே இல்லாமல் உழைத்தாலும், கடைசித் தகட்டை அடைய அவருக்கு 14 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஆகவே அங்கே துடைக்கும் வேலையை, சூரிய ஒளியாலேயே தமக்குச் சக்தி ஏற்றிக்கொள்ளும் தானியங்கி யந்திரங்களிடம் ஒப்படைத்தார்கள். இஸ்ரேலின் தென்கோடிப் பாலைவனத்தில் கெதுரா என்னும் சிறிய குடியிருப்பை ஒட்டிய நிலையத்தில், 2014-லேயே, தண்ணீர் ஒரு சொட்டும் இல்லாமல் இரவுதோறும் தூசியைத் தள்ளிவிடும் யந்திரங்கள் ஓடத் தொடங்கின. குடிதண்ணீருக்கே மக்கள் தவிக்கும் இராமநாதபுரம் போன்ற மாவட்டத்தில், தகடு கழுவும் தண்ணீரை மிச்சப்படுத்துவது சிக்கனம் மாத்திரமன்று, நியாயமும் ஆகும். இன்று அதானி கம்பெனியின் நிலையங்கள் பல மாநிலங்களில் இருந்தும், அவற்றின் நாடித்துடிப்பை அகமதாபாத்தில் உள்ள ஒரே மையத்திலிருந்து கணிப்பொறிகள் கவனித்து வருகின்றன.

அப்படி அந்தக் கணிப்பொறி என்னத்தைத்தான் கவனிக்கிறது? இருபது, இருபத்தைந்து தகடுகளைத் தொடராக இணைத்த ஒரு வரிசையை ஸ்டிரிங் என்கிறார்கள். பல ஸ்டிரிங்குகள் ஓர் இன்வெர்ட்டரில் வந்து சேருகின்றன. ஒரே மாடியில், ஒரே வெயிலில், ஒரே திசை நோக்கி இருக்கும் நான்கு ஸ்டிரிங்குகளில் ஒன்று மட்டும் தளர்கிறது என்று வைத்துக்கொள்வோம். தினமும் காலை ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையில் மாத்திரம் தளர்ந்து, மாதம் ஏற ஏற அந்த நேரமும் சற்றுச் சற்று நகருமானால், அது பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் நிழலோ வேப்பமரத்தின் நிழலோ ஆகும். மூன்று வாரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து வந்து, ஒரு நல்ல மழை பெய்த மறுநாளே நிமிருமானால், அது புழுதி. நேற்று வரை ஒழுங்காக இருந்தது இன்று சட்டென்று பூஜ்யமானால், பியூஸ் போயிருக்க வேண்டும். ஒரு தகட்டின் மின்னழுத்தத்தில் சரியாக மூன்றில் ஒரு பங்கு மட்டும் காணாமற்போய் அப்படியே நிலைத்துவிட்டால், தகட்டின் பின்பெட்டியில் இருக்கும் மூன்று டயோடுகளில் ஒன்று பழுது. நான்கு ஸ்டிரிங்குகளுமே நடுப்பகலில் ஒருசேரத் தணிந்து மாலையில் தேறினால், குற்றம் தகடுகளில் இல்லை. இன்வெர்ட்டரின் காற்றாடி தூசியடைத்து, யந்திரம் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் உற்பத்தியைத் தானே குறைத்துக்கொள்கிறது.

இவை ஒவ்வொன்றையும் அநுபவம் வாய்ந்த ஓர் எலக்ட்ரீஷியன் கண்டுபிடித்துவிடுவார். ஆனால் ஆயிரக்கணக்கான ஸ்டிரிங்குகளை, ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை, ஆண்டு முழுவதும் சலிக்காமல் பார்த்துக்கொண்டிருப்பது மனித சாத்தியமன்று. கணிப்பொறியோ, கடந்த காலத்துப் பதிவுகளையெல்லாம் பயின்று, இன்ன வெயிலுக்கும் இன்ன உஷ்ணத்துக்கும் இத்தனை யூனிட் வந்திருக்க வேண்டும் என்று முதலில் கணக்கிட்டு, வந்ததை அதனோடு ஒப்பிட்டு, குறைந்ததற்குக் காரணம் இதுவாக இருக்கக்கூடும் என்று பெயரிட்டுச் சொல்கிறது. வெப்பத்தைப் படம் பிடிக்கும் காமிராவைத் தாங்கிய டிரோன் பறந்து வந்து எடுத்த ஆயிரம் படங்களில், சுற்றியுள்ள பகுதியைவிடச் சூடேறிய சில்லு எந்தத் தகட்டில் எந்த மூலையில் இருக்கிறது என்று பொறுக்கி எடுப்பதும் அதே அறிவின் வேலை. அந்தச் சூட்டுப் புள்ளியைக் கவனியாது விட்டால், உற்பத்தி நஷ்டத்தோடு போகாமல், தீப்பற்றவும் இடமுண்டு.

தூசி அற்ப விஷயம் என்று எண்ணுகிறவர்களுக்கு ஒரு சான்று. காந்திநகர் ஐ.ஐ.டி.யாரும் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து செய்து 2017-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், காந்திநகரிலிருந்த தகடுகளைச் சில வாரங்களுக்கு ஒருமுறை துடைத்தபோதெல்லாம் அவற்றின் திறன் துடைப்பதற்கு முன்பிருந்ததைவிட ஏறத்தாழப் பாதி அளவு உயர்ந்ததாகக் கண்டார்கள். பம்பாய் ஐ.ஐ.டி.யில் 2010-இல் அமைந்த தேசிய ஒளிமின் ஆராய்ச்சி மையத்தார் நாடெங்கும் சுற்றித் தகடுகளைச் சோதித்தபோது, வெப்பம் மிகுந்த பிரதேசங்களில் அவை விரைவாகத் தேய்வதையும், பெரிய நிலையங்களைவிடச் சிறிய கூரை அமைப்புகளில் அந்தத் தேய்வு அதிகமாக இருப்பதையும் எடுத்துக்காட்டினார்கள். இவ்விரண்டு முடிவுகளையும் சேர்த்துப் படிப்பவர்கள், திருத்தணியின் மாடிகளைப் பற்றிக் கவலைப்படாமல் இருக்க முடியாது; உஷ்ணமும் அங்கே உண்டு, புழுதியும் உண்டு, இருப்பவையோ பெரும்பாலும் சிறு அமைப்புகள்.

மூன்று கிலோவாட் அமைப்பு ஒன்று நாளொன்றுக்குச் சராசரி 12 யூனிட் தருவதாகக் கொள்வோம். அதில் 15 சதவீதம் அழுக்கிலும் பழுதிலும் போனால், ஆண்டுக்கு ஏறத்தாழ 650 யூனிட் போகிறது. பெரிய கம்பெனிக்கு இது கடுகளவு; திருத்தணியை அடுத்த பள்ளிப்பட்டிலும் ஆர்.கே. பேட்டையிலும் தறி ஓட்டிப் பிழைக்கும் ஒரு குடும்பத்துக்கு இது கண்ணில் தெரியும் பணம். அந்தக் குடும்பத்துக்கு அகமதாபாத் மையம் இல்லை. தகடு வைத்துக் கொடுத்த வியாபாரி மானியம் வந்த கையோடு போய்விட்டால், கேட்பதற்கு ஒரு மனிதரும் இல்லை. வீட்டுக்காரரே சிரத்தையோடு துடைக்கப் போனாலும், உச்சி வெயிலில் கொதிக்கும் கண்ணாடிமீது குளிர்ந்த நீரை ஊற்றினால் அது விரிசல் காணக்கூடும். ஆழ்குழாய்க் கிணற்றின் கடின நீர் காய்ந்தால் வெள்ளையாக உப்புப் படிந்து, புழுதியினும் பொல்லாத திரையாக ஒட்டிக்கொள்ளும். விடியற்காலையில், நல்ல தண்ணீரில், மெல்லிய துணியால் துடைக்க வேண்டும் என்ற சிறு விஷயத்தைக்கூட அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் யார்?

செயற்கை நுண்ணறிவைப் போற்றுகிறேன் என்பதனால், அதன் எல்லைகளை மறைத்துப் பேசுவது தகாது. வெயிலை அளக்கும் கருவியும் தகடுகளோடு வெட்டவெளியில் இருப்பது. அதன் கண்ணாடிக் குமிழிலும் அதே புழுதிதான் படிகிறது. அதை யாரும் துடைக்காவிட்டால், இன்று வெயிலே குறைவு என்று கருவி பொய் சொல்ல, குறைந்த வெயிலுக்கு இந்த யூனிட் சரிதான் என்று கணிப்பொறியும் தலையாட்டிவிடும். அளவு பொய்த்தால் அறிவும் பொய்க்கும். மேலும், பாலைவனத்து மணலைப் பயின்ற கணிப்பொறிக்கு, கல்குவாரித் தூசியும் காக்கை எச்சமும் விறகுப் புகையும் கலந்து படியும் நம் ஊர் அழுக்கு புரிய நாளாகும். மலையடிவாரத்து ஊர்களில் குரங்கு கம்பியை இழுத்துவிட்டுப் போவதை அது எந்தப் பாடத்திலும் படித்திராது. ஆகையால் இவ்வூர் வெயிலையும் இவ்வூர்த் தூசியையும் அதற்குக் கற்பிக்க, இவ்வூர்ப் பதிவுகளே வேண்டும். திருத்தணி 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது; ம.பொ.சி. முதலியோரின் அரும்பிரயத்தனத்தால் வகுக்கப்பட்ட அந்த எல்லை மனிதர்களுக்கு உரியது. வெயிலும் மேகமும் அதை மதிப்பதில்லை. கர்னூலில் 1,000 மெகாவாட் சூரியப் பூங்காவை நடத்தும் ஆந்திரத்தாரின் அநுபவமும் நம் அநுபவமும் ஒன்றுக்கொன்று பரிமாறப்படுமானால் இரு ராஜ்யங்களுக்கும் லாபமே.

மற்றொரு பயனையும் சொல்ல வேண்டும். சூரிய மின்சாரம் எப்போது எவ்வளவு வரும் என்பது முன்கூட்டித் தெரியாவிட்டால், அனல் மின் நிலையங்களை எந்த அளவில் ஓட்டுவது என்று மின் விநியோகத்தார் திண்டாட நேர்கிறது. நம் நாட்டு மின் நிர்வாகத்தில் ஒரு நாள் 15 நிமிஷம் கொண்ட 96 கூறுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு கூறுக்கும் உற்பத்தி இவ்வளவு என்று முன்னறிவிக்க வேண்டியிருக்கிறது. சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசிய காற்று சக்தி நிறுவனத்தார் 2011 முதல் நாடெங்கும் சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை அமைத்தும், முன்கணிப்பில் ஈடுபட்டும் வருகிறார்கள். மேகத்தின் போக்கையும் பழைய பதிவுகளையும் சேர்த்துக் கற்கும் கணிப்பொறிகள் இத்துறையில் பெருந்துணை. ஆனால் இம்முன்கணிப்பிலும் பல்லாயிரம் சிறு மாடிகளின் உற்பத்தி கணக்கில் வராமல் போகுமானால், கூரைத் திட்டம் வளர வளரக் கணிப்பின் பிழையும் வளரும். சிறியவற்றைக் கவனிப்பது சிறியவர்களுக்குச் செய்யும் உபகாரம் மட்டுமன்று. மின் அமைப்பு முழுவதன் நன்மையும் அதில் அடங்கியிருக்கிறது.

யந்திரம் வந்தால் ஆட்களுக்கு வேலை போய்விடுமே என்ற அச்சம் சிலருக்கு உண்டு. பெரிய நிலையங்களில், துடைக்கும் கூலி வேலை குறையத்தான் செய்யும். அதை மறுப்பதில் பயனில்லை. ஆனால் சிறு மாடிகளைப் பொறுத்த வரையில், குற்றத்தைக் கண்டு சொல்லும் கணிப்பொறி, ஏணி வைத்து ஏறி அதைச் சரிசெய்யும் மனிதருக்கு வேலை தருவதே ஆகும். அந்த வேலை பயிற்சியின்றிச் செய்யத்தக்கதும் அன்று. தொடராக இணைத்த தகடுகளில் 600, 1,000 வோல்ட் என்று நேர்மின்சாரம் நிற்கும்; வெயில் இருக்கும் வரையில் அதை அணைத்துவிட வழியில்லை. சூரியமித்ரா என்ற பெயரில் 2015 முதல் மத்திய அரசு நடத்தும் பயிற்சியை, திருவள்ளூர் மாவட்டத்துத் தொழிற்பயிற்சி நிலையங்களிலும், திருத்தணி சுப்பிரமணிய சுவாமி அரசு கலைக் கல்லூரியின் மாணவர்களுக்கும் விரிவாக அளித்து, கணிப்பொறி அனுப்பும் குறிப்பைப் படிக்கவும் அதைச் சந்தேகிக்கவும் தெரிந்த இளைஞர்களை உருவாக்கினால், ஒரு தாலுகாவின் மாடிகளை அந்த ஊர் ஆட்களே பரிபாலிக்க முடியும்.

இதற்கு அரசு செய்ய வேண்டியவை சிலவே. மானியம் கொடுக்கும்போது, நிறுவிய கிலோவாட்டுக்கு முழுத் தொகையையும் ஒரேயடியாகக் கொடுத்துவிடாமல், ஒரு பங்கையாவது ஐந்தாண்டுகளில் உற்பத்தியாகும் யூனிட்டோடு இணைக்க வேண்டும். இன்வெர்ட்டர் சேகரிக்கும் பதிவுகள் அதைச் செய்து விற்ற கம்பெனியின் சொத்தாகி, எங்கேயோ ஓர் அயல்நாட்டுக் கணிப்பொறியில் அடைபடாமல், வீட்டுக்காரருக்கே உரியவை என்று சட்டம் சொல்ல வேண்டும். அரசுப் பள்ளி, மருத்துவமனை, நகராட்சி அலுவலகம் ஆகியவற்றின் மாடிகளில் கிடைத்த பதிவுகளைப் பொதுச் சொத்தாக வெளியிட வேண்டும். அவற்றைக் கொண்டு கணிப்பொறிகளைப் பயிற்றும் பணியை நம் பல்கலைக்கழகங்கள் ஏற்க வேண்டும். வீட்டுக்காரரின் கைப்பேசிக்கு வரும் செய்தி, புரியாத வரைபடமாக இல்லாமல், ‘மூன்றாவது வரிசையில் அழுக்கு மிகுந்திருக்கிறது, நாளைக் காலையில் துடைக்கவும்’ என்று தமிழில் வர வேண்டும்.

திருவள்ளூர் மாவட்ட நிர்வாகத்தையும் திருத்தணி நகராட்சியையும் நான் வேண்டிக்கொள்வது இது: வருகிற கோடைக்கு முன், ஊரிலுள்ள அரசுக் கட்டடங்களின் மாடிகளில் இருக்கும் சோலார் அமைப்புகள் ஒவ்வொன்றையும் எடுத்துக்கொண்டு, தர வேண்டியது இத்தனை யூனிட், தந்தது இத்தனை யூனிட், குறைந்ததற்குக் காரணம் இன்னது என்று மாதந்தோறும் வாசலில் எழுதி ஒட்டுங்கள். அந்தக் கணக்கைப் போட்டுத்தரக் கணிப்பொறி இருக்கிறது. அதைக் கேட்டு நடக்க மனிதர்களை நியமிப்பது உங்கள் கடமை. அடுத்த டெண்டரில், தகடு வைப்பதற்கான விலைக்குப் பக்கத்தில், அதை ஐந்து ஆண்டு காப்பதற்கான விலையையும் கேளுங்கள்.